கதவுக்கு அடியில் ஓர் ஆப்பு

சாப்பாட்டு மேசை முழுவதும் தங்கையின் பயணச் சாமான்கள் பரப்பிக் கிடந்தன. காலைச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த கையோடு அவள் மாடியிலிருந்து ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கவிழ்த்திருந்தாள். ஆய்வாளர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தியவர். எந்தப் பொருளையும் கையில் எடுத்து, திருப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். தங்கை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். கணவர் போன பிறகு அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியைப் பார்க்க அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறாள். இத்தனை தூரம் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை.

"இது என்ன, எருமைக் கொம்பா?" என்று வளைந்த தலையணையைத் தூக்கிக் காட்டினார் ஆய்வாளர்.

"கழுத்துல மாட்டிக்கிற தலையணை அண்ணா. உட்கார்ந்தே தூங்கினா தலை பக்கத்து ஆள் தோள்ல சாயாது."

"பக்கத்து ஆள் தோள்ல சாயற பழக்கம் நம்ம குடும்பத்துல யாருக்கும் கிடையாது."

"அது முழிச்சிருக்கறப்ப. தூக்கத்துல என்ன செய்யறோம்னு நமக்கா தெரியுது?"

அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஆய்வாளரின் மனைவி ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு மறுபடியும் துலக்கினாள்.

ஆய்வாளர் ஒவ்வொன்றாக எடுத்தார். நீளமான இறுக்கக் காலுறை: பல மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கால் வீங்காமல் இருக்க. துணிக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ளும் மெல்லிய பை: பாஸ்போர்ட்டுக்கு. அமுக்கினால் தட்டையாகிவிடும் டம்ளர். பெட்டியின் பிடியில் கட்ட, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுப் பட்டை. எண் பூட்டு ஒன்று.

"எண் என்ன?"

"உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் அதுக்குப் பேர் பூட்டா?"

கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால் எடை காட்டும் சின்னக் கருவியைக் கண்டதும் அவருக்கு வயது குறைந்துவிட்டது. அலமாரியைத் திறந்து, அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுக்கக்கூட யாருக்கும் தராத தன் சொந்த இரும்பு எடைக்கல்லை எடுத்து வந்தார். மாட்டித் தூக்கினார். கண்ணைச் சுருக்கினார்.

"கொஞ்சம் குறைச்சுக் காட்டுது. வீட்ல உன்னைத் தட்டிக் கொடுத்துட்டு விமான நிலையத்துல காலை வாரிடும். ரெண்டு துணியைக் குறைச்சுக்கோ."

"முத்திரை குத்தாம விட்டுடுங்க, பாவம்" என்றாள் தங்கை. சொல்லிக்கொண்டே கடைசியாகக் கிடந்த பொருளை மடித்த துண்டுக்கு அடியில் தள்ளினாள்.

ஆய்வாளர் பார்த்துவிட்டார். உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, வெட்டி எடுத்த பழத்துண்டு போல. மேலே ஒரு தகடு.

"அது என்ன?"

"அது ஒண்ணுமில்ல அண்ணா."

பணியில் இருந்த காலமெல்லாம் அவர் கேட்டுப் பழகிய வாக்கியம் அது. தராசுத் தட்டுக்கு அடியில் கையை விடும்போது கடைக்காரர்கள் சொல்வார்கள்: "அது ஒண்ணுமில்லைங்க சார்." அப்படிச் சொன்ன இடத்தில் ஒருநாளும் ஒன்றுமில்லாமல் இருந்ததில்லை. மெழுகோ, காந்தமோ, ஈயமோ இருக்கும்.

தங்கை பையை மூடிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒருமுறை இல்லை என்று சொன்னவளிடம் மறுமுறை கேட்டால் அவளைப் பொய்யில் நிற்கவைத்ததாக ஆகும். அவள் இல்லாத நேரத்தில் பையைத் திறந்து பார்க்கலாம். அதைவிட விரலை வெட்டிக்கொள்ளலாம். அவர்கள் வீட்டில் ஒருவர் பெட்டியை மற்றவர் திறந்ததில்லை. ஆகவே நெஞ்சில் முள் தைத்தவர் போல மதியம் வரை வாசல் நடையில் மேலும் கீழுமாக நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பெரிய தெருவில் இருக்கும் பைக்கடைக்குப் போனார்.

பைக்கடைக்காரர் வாயாடி. தங்கையைப் பற்றிச் சொன்னதும், "டீச்சர் அம்மாவா? என் பையனைக் குட்டிக்கரணம் போடவச்சவங்களாச்சே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆப்பு மாதிரி ஒன்று என்று கையால் வடிவம் காட்டியவுடன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

"கதவு ஆப்புங்க சார். ரூமுக்குள்ள இருந்துகிட்டுக் கதவுக்கு அடியில இப்படிச் செருகிட வேண்டியது. கதவு இம்மி அசைஞ்சாலும் தகடு அமுங்கி ஊரையே எழுப்பிடும். ஹோட்டல்ல தனியா தங்கற பொம்பளைங்க வாங்கிட்டுப் போவாங்க. முன்னபின்ன தெரியாத இடம் பாருங்க."

"என் தங்கச்சி ஹோட்டல்ல தங்கலையே. பையன் வீட்டுக்குத்தானே போறா."

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா அம்மா ரொம்பக் கறார். இருக்கறதுலயே சத்தம் அதிகமானதைக் குடுன்னாங்க. நல்லா தூங்கறவங்களை எழுப்புமான்னு கேட்டாங்க. மறுநாளும் வந்து இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாங்க. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கே வந்துட்டார்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆய்வாளருக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சொந்த மகன் வீட்டில், தன் படுக்கையறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கவேண்டிய நிலை அவளுக்கு ஏன் வந்தது? யாருக்குப் பயப்படுகிறாள்? அந்த வீட்டில் அவருக்குத் தெரியாத யார் இருக்கிறார்கள்? இத்தனை நாள் வீடியோவில் சிரித்த முகம் காட்டிய தங்கை மகனின் முகத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது போல. பயம் என்று ஒன்று இருந்தால் அவளை விமானம் ஏற விடுவதற்கில்லை. குடும்பத்தில் பிறந்த பெண்ணை அடிபடும் இடத்துக்கு அனுப்பிவிட்டு அண்ணன் என்று சொல்லிக்கொண்டு இருக்க முடியாது.

அடிபட்டவளிடமே காயத்தைக் காட்டச் சொல்வது முறையல்ல என்று நினைத்தார். நேரே தங்கை மகனுக்குத் தொலைபேசியைப் போட்டார்.

"சொல்லுங்க மாமா. அம்மா மூட்டை கட்ட ஆரம்பிச்சாச்சா?"

"அது இருக்கட்டும். உன் வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"என்ன மாமா, சென்சஸா? நான், அவ, குழந்தை. வேற யாரு இருப்பா?"

"ராத்திரியில கதவெல்லாம் எப்படி? யாரும் எழுந்து நடமாடறது உண்டா?"

மறுமுனையில் சிரிப்பு நின்றுபோனது. பின்னால் குழந்தை சிணுங்கியது. பிறகு தாழ்ந்த குரலில் அவன் கேட்டான்: "உங்களுக்கு யார் சொன்னா மாமா?"

ஆய்வாளர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆக, ஒன்று இருக்கிறது.

"யார் சொன்னா என்ன? என் தங்கச்சி அந்த வீட்ல கதவுக்கு ஆப்பு வச்சுகிட்டுத்தான் தூங்கணும்னா அவ அங்க வரமாட்டா. தெளிவாச் சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஆப்பு வைத்தவர் தாம்தான் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்தது. தங்கை மாடிப்படியில் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து, ஹாலில் உட்கார்ந்திருந்த ஆய்வாளரின் மனைவி எழுந்தே விட்டாள்.

"என் பையன்கிட்ட என்ன கேட்டீங்க அண்ணா? அவன் குரலே சரியில்ல. 'அம்மா, நீ வரலையா'ன்னு குழந்தை மாதிரி கேட்கறான்."

"நீ எதுக்குக் கதவு ஆப்பு வாங்கினே?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பைக்கடைக்காரன் எல்லாம் சொல்லிட்டான். அந்த வீட்ல யாரைக் கண்டு உனக்குப் பயம்? பேரைச் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

தங்கை மேலே போய் அந்த ஆப்பை எடுத்து வந்தாள். ஆய்வாளரின் படுக்கையறைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். குனிந்து கதவின் அடியில் செருகினாள்.

"இப்ப கதவைத் திறங்க."

"நான் உள்ளேதானே இருக்கேன்?"

"உள்ளே இருந்தே திறங்க."

அவர் பிடியைப் பற்றி இழுத்தார். கதவு விரல்கடை அளவு உள்ளே வந்து தகட்டில் ஏறியது. ஆப்பு வீறிட்டது. தெருக்கோடி வரை நாய்கள் குரைத்தன. வெளியே மனைவி காதைப் பொத்திக்கொண்டு, "போதும், பக்கத்து வீட்டுக்காரங்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடப் போறாங்க" என்றாள். தங்கை பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தி, ஆப்பை உருவிக் கதவைத் திறந்தாள்.

"வெளியில இருந்து வர்றவனுக்காக வாங்கலை அண்ணா. உள்ளே இருந்து போறவளுக்காக வாங்கினது."

அவருக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் அவள் தூக்கத்தில் எழுந்து நடப்பாள். ஒருநாள் விடியலில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, கண் திறந்தபடி, யாருமில்லாத பக்கம் பார்த்து நின்றாள். அன்று முதல் அவர் தன் கால் கட்டைவிரலுக்கும் அவள் கால் கட்டைவிரலுக்கும் நூல் கட்டிக்கொண்டு தூங்கினார். 'நம்ம வீட்டு விஷயம் நம்ம வாசல் நிலையைத் தாண்டக் கூடாது' என்றார் அப்பா. தாண்டவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார்.

"திரும்ப எப்ப?"

"அவர் போனதுக்கப்புறம்" என்றாள் தங்கை.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் திரும்பினார்.

"மாடிப்படியில காலடி கேட்கும். போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து படுக்க வைப்பேன். உங்க குறட்டையில உங்களுக்கு எங்க கேட்கும்?"

தன் கூரைக்கு அடியில் நடப்பதே தனக்குத் தெரியவில்லை என்பது ஆய்வாளரைச் சுட்டது. ஆனால் அதைப் பேச இது நேரமில்லை.

தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவன் இருக்கறது எட்டாவது மாடி. பால்கனி இருக்கு. நான் மட்டும் நடந்தாப் பரவாயில்லை. தூக்கத்துல தொட்டில்ல இருந்து குழந்தையைத் தூக்கிட்டு நடந்துட்டேன்னா?" அவள் ஆப்பை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆப்பு கத்தினா நான் முழிச்சுப்பேன். யாருக்கும் தெரியாமப் போயிடும்."

ஆய்வாளர் ஆப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, தெருக்கோடி நாயே எழுந்து குரைச்சுது. அந்த வீட்ல யாருக்கும் தெரியாமப் போயிடுமா? கத்தற சாமானை வச்சுகிட்டு ரகசியம் காப்பாத்த முடியுமா?"

அவளுக்கு இது தோன்றவே இல்லை போலும். ஆப்பையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப நான் போகலை" என்றாள். "மருமக முன்னாடி பேய் பிடிச்சவ மாதிரி நிக்க என்னால முடியாது. பிளேன் டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க."

பேத்தியின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியவள் அவள். ஆய்வாளர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்பாவின் சொல்லை அவர் இதுவரை மீறியதில்லை. மீறவும் மனமில்லை. நிலையைத் தாண்டக் கூடாது, சரி. யாரெல்லாம் நிலைக்கு உள்ளே இருக்கிறார்கள்?

"உன் பையன் வெளியாளா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அவன் கட்டிகிட்டு வந்தவ?"

தங்கை கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவளும் நம்ம வீட்டு நிலைக்குள்ள வந்தவதான். உள்ளே இருக்கறவங்ககிட்ட மறைச்சா அதுக்குப் பேர் மானம் இல்ல. தட்டுக்கு அடியில ஈயம் வைக்கற வேலை."

தொலைபேசியை எடுத்தார். மணி அடித்து முடிவதற்குள் தங்கை மகன் எடுத்துவிட்டான். ஆய்வாளர் நிமிர்ந்து நின்று, அலுவலகத்தில் அறிக்கை படிப்பவர் போலச் சொன்னார்: "தம்பி, உன் வீட்டைத் தப்பா நினைச்சுட்டேன். உங்க அம்மாவுக்குத் தூக்கத்துல எழுந்து நடக்கற வழக்கம் உண்டு. சின்ன வயசுல இருந்தது. இப்ப திரும்ப வந்திருக்கு. ஆப்பு அதுக்குத்தான் வாங்கியிருக்கா. குழந்தை இருக்கற வீடு. நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும்."

அந்தப் பக்கம் கைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. மருமகளின் குரல் வந்தது.

"பெரியப்பா, அத்தை பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க. அத்தை, இவரும்தான்."

"என்ன இவரும்?" என்றாள் தங்கை.

"தூக்கத்துல நடப்பார். ஹாஸ்டல்ல ஆரம்பிச்சதாம். கல்யாணமான புதுசுல ஒருநாள் சமையல் ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அசையாம நிக்கறார். நான் திருடன்னு நினைச்சு வாளித் தண்ணியைத் தலையில ஊத்திட்டேன். பால்கனிக் கதவுக்கு மேல, ஸ்டூல் போட்டாத்தான் எட்டற உயரத்துல தாழ்ப்பாள் போட்டாச்சு. இவருக்குத் தனி ரூம். குழந்தை என்கூடத்தான், எங்க கதவுக்கு உள்பக்கமாத் தாழ்ப்பாள். உங்க கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு இவர் சொல்லவே விடலை. பெரியப்பா போன் பண்ணினப்ப, யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கன்னு வெலவெலத்துப் போயிட்டார்."

"டேய்" என்றாள் தங்கை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"அங்கயும் ஆப்பு உண்டா?" என்று ஆய்வாளர் கேட்டார். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"உண்டு பெரியப்பா. கத்தும். இவர் எழுந்துக்க மாட்டார். நான்தான் எழுந்து கூட்டிட்டு வந்து படுக்க வைப்பேன்."

"அதை நான் முன்னாடியே சொல்லியிருப்பேன்" என்று ஆய்வாளரின் மனைவி முணுமுணுத்தாள். "எழுப்பறது சத்தம் இல்ல. கையைப் பிடிக்க ஆள் வேணும்."

சாயங்காலம் பெட்டியை மறுபடியும் கட்டினார்கள். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்த ஆய்வாளர், கருவி சொன்னதோடு அது விழுங்கிய எடையையும் கூட்டிக் கணக்குப் பார்த்து, இன்னும் ஒரு துணியைக் குறைக்கச் சொன்னார். தங்கை ஒரு சால்வையை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு ஆப்பை எடுத்து, பழக்க தோஷத்தில், துண்டுக்கு அடியில் செருகப் போனாள்.

"அடியில வைக்காதே" என்றார் ஆய்வாளர். "மேலேயே இருக்கட்டும்."