விருப்பமில்லை என்று எழுதியிருந்தது

விரிப்பின் மூலை மறுபடியும் நழுவியது. சின்னவள் அதை இழுத்து அக்காவின் கால்மாட்டில் மடித்துச் செருகினாள். பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளொன்றுக்கு நானூறு விரிப்பு மடித்தவள் அக்கா. தன்மேல் போர்த்திய விரிப்பு கோணலாகக் கிடப்பது தெரிந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டித் தீர்த்துவிடுவாள். அப்படி ஒரு திட்டு வாங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சின்னவளுக்கு இருந்தது. மஞ்சள்காமாலை என்று படுத்தவள் மூன்றே வாரத்தில் போய்விட்டாள்.

வீடு கொள்ளாத கூட்டம். சலவைக்கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் முந்தின நாளே இரண்டு நாள் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அக்காவோடு சேர்த்து முப்பத்தொரு பேர், இனிமேல் முப்பது. சின்னவளும் அக்கா புருஷனும் அந்த முப்பதில் சேர்த்தி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை செய்வது எல்லாம் பிழைக்க வந்த நம்மாட்கள். மேல்மாடிகளில் இருப்பது எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். கட்டடம் என்னவோ ஒன்றுதான், அதற்குள் தேசம் இரண்டு.

மேல்மாடியிலிருந்து ஒரே ஒருத்திதான் துக்கத்துக்கு வந்திருந்தாள், மூன்றாம் மாடி வார்டு நர்ஸ். சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பாஷையில் மெதுவாகப் பேசினாள். அந்தப் பாஷை சின்னவளுக்குப் பேச வரும். எழுத்துதான் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை.

"ஊசி குத்தின அன்னிக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள் நர்ஸ்.

"விரிப்புக்குள்ள ஊசி கெடக்கறது எங்களுக்கு என்ன புதுசா? ரத்தத்த தொடச்சிட்டு அவ அடுத்த மூட்டைய பிரிச்சா."

"சரி, தடுப்பூசியாவது போட்டிருக்கலாம். இந்த நோய்க்குத்தான் ஊசி இருக்கே."

"என்ன தடுப்பூசி?"

நர்ஸ் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "வருஷா வருஷம் போடறாங்களே, வேலை செய்யற எல்லாருக்கும். இலவசம். நான் போட்டாச்சு, தோட்டக்காரர் போட்டாச்சு, வாசல்ல டீ ஊத்தறவர்கூட போட்டாச்சு. உங்களுக்கும் கட்டுக்கட்டா தாள் வந்திருக்குமே. பச்சைத் தாள்."

பச்சைத் தாள் வரத்தான் செய்தது. ஒரு பக்கம் ஊர் எழுத்து, மறுபக்கம் வெறுமை. கீழே யாரும் படிக்கவில்லை. படிக்க ஆளும் இல்லை. துணி மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டு கட்டத் தாளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. பச்சைக் கட்டு வந்து இறங்கினால் அக்காவுக்குக் கொண்டாட்டம். 'மகராசனுங்க, நமக்குன்னே அனுப்பறாங்க' என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தாளையும் நான்காகக் கிழிப்பாள். வெற்றுப் பக்கத்தில் வார்டு நம்பரை எழுதி மூட்டைக் கயிற்றில் கட்டுவாள். மூன்று வருடமாக, தன் கையாலேயே.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் கிளம்பிற்று. யார்மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இன்னும் போடறாங்களா?"

"புதுசா பேர் சேக்கறது இன்னிக்கு அஞ்சு மணியோட சரி. அப்புறம் அடுத்த வருஷம்தான்." நர்ஸ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். "நான் முன்னால போய் மருந்த எடுத்து வைக்கச் சொல்றேன். நீ கூட்டிட்டு வா."

அடக்கம் முடிய மூன்று மணி ஆனது. எல்லோரும் கலையத் தொடங்கியபோது சின்னவள் மயானத்து வாசலை மறித்து நின்றாள்.

"யாரும் வீட்டுக்குப் போவாதீங்க. ஒண்ணு கேக்கணும். விரிப்புல கெடந்த ஊசி கையில குத்தினவங்க எத்தனை பேரு? கைய தூக்குங்க."

முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு மூன்று. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்து, கடைசியில் இருபத்திரண்டு கைகள் நின்றன. சின்னவள் அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணினாள். பச்சைத் தாளில் இருந்ததை அவர்களுக்குச் சொன்னாள். அக்கா கிழித்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

தூக்கிய கைகள் இறங்கின.

"அதுக்காக மண்ணு தள்ளின கையோட ஊசி போடப் போறதா?" என்றார் இஸ்திரிக்காரர். "நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் இங்கதான் நிக்கறாங்க அண்ணே. இப்பவே கேட்டுக்குங்க."

"நம்மள இத்தனை வருஷமா ஏறெடுத்துப் பாக்காதவங்க. அவங்க மருந்த எப்பிடி நம்பறது?" என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. சின்னவளும் அதை யோசித்துப் பார்த்திருந்தாள். "அவங்க தங்களோட கையில மொதல்ல போட்டுக்கிட்ட மருந்து அது. நமக்குன்னு தனியா எதுவும் காய்ச்சல. நமக்கு வரவேண்டியத நாம போய் வாங்கிக்கறோம், அவ்வளவுதான்."

அக்கா புருஷன் அதுவரை குனிந்த தலை நிமிரவில்லை. கொதிகலன்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆளுயர நெருப்புக்கு முன்னால் அசராமல் நிற்பார், ஊசி என்றால் வேட்டைநாயைப் பார்த்த முயல். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"மாமா போறாரு" என்றாள் சின்னவள். அதற்குப் பிறகு யாரும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாக அவர்கள் உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. மண் ஒட்டிய செருப்போடு முப்பது பேர் வரிசையாக நிற்க, மேஜையில் இருந்த குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"உங்க பிரிவுக்கு ஊசி இல்லையே."

"ஏன் இல்ல?"

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இதோ, சலவைக்கூடம். முப்பத்தொரு பேர். எல்லார் பேருக்கும் நேரா விருப்பமில்லைன்னு எழுதியிருக்கு. மூணு வருஷமா."

"யாரு வந்து சொன்னா விருப்பமில்லைன்னு?"

"யாரும் சொல்லல. தாள் அனுப்பினோம், பதில் வரல. பதில் வரலைன்னா அப்பிடித்தான் எழுதறது."

"எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துல கேட்டீங்க. நாங்க வேணாம்னு சொன்னதா நீங்களே எழுதிக்கிட்டீங்க." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "இப்ப கேளுங்க. முப்பது பேரும் நேர்ல நிக்கறோம். விருப்பமா இல்லையான்னு வாயால கேளுங்க."

குமாஸ்தா வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு பத்து. நர்ஸ் மருந்துப் பெட்டியோடு பின்னால் வந்து நின்று, "முப்பதும் இருக்கு, நானே எண்ணிட்டேன்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு அடிக்கோலை எடுத்தார்.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஊசி இறங்கியதும் அவரவர் பேருக்கு நேரே இருந்த 'விருப்பமில்லை' மேல் கோடு விழுந்து, பக்கத்தில் தேதி ஏறியது. கொதிகலன்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போட்டாச்சா?" என்று கேட்டார். நர்ஸ் ஊசியை எடுக்கவே இல்லை, அப்போதுதான் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்து ஆட்கள் அந்தத் துக்க நாளிலும் சிரித்துவிட்டார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். ஊசி குத்துப்பட்ட இருபத்திரண்டு பேரிடமும் சோதனைக்கு ரத்தம் எடுத்தாள் நர்ஸ். அடுத்த ஊசி ஒரு மாதத்தில், அதற்கடுத்தது ஆறாம் மாதத்தில் என்று விரல் மடக்கிச் சொன்னாள்.

"அதுக்குத் தாள் அனுப்பாதீங்க" என்றாள் சின்னவள். "அனுப்பினா எங்க எழுத்துல அனுப்புங்க. இல்லேன்னா படியெறங்கி வந்து சொல்லுங்க. பதினாறு படிதான்."

"வரேன்" என்றாள் நர்ஸ்.

கடைசியாகச் சின்னவள் கையை நீட்டினாள். சுருக்கென்றது, அவ்வளவுதான். வரிசை தீர்ந்தது, ஐந்து அடிக்க நாலு நிமிடம் இருந்தது. வெளியே ஆட்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மாதிரி சத்தமாகப் பேசிக்கொண்டு படியிறங்கினார்கள். குமாஸ்தா பதிவேட்டை மூடப்போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் சின்னவள். பக்கம் முழுக்கக் கோடுகள், தேதிகள். படிக்கத் தெரியாதவளுக்கும் பளிச்சென்று தெரிந்தது, ஒரே ஒரு வரியில் மட்டும் கோடு இல்லை.

"இது யாரு?"

அவர் குனிந்து அக்காவின் பேரைப் படித்தார்.

"அதையும் அடிங்க."

"அவங்கதான் இல்லையேம்மா. ஊசி போடாம அடிச்சா, பக்கத்துல நான் என்னன்னு எழுதறது?"

"ஒண்ணும் எழுத வேணாம். வேணாம்னு அவ சொல்லல."

குமாஸ்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடிக்கோலை அந்த வரியின்மேல் வைத்து, கோணாமல், நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.