முதலாளியம்மாவின் தூக்கம்

விமானத்தின் வாசலில் கால் வைத்ததுமே முதலாளி இடது பக்கம் இருந்த சொகுசு வகுப்புக்குத் திரும்பினார். முதலாளியம்மாவையும் சூப்பர்வைசரையும் பணிப்பெண் வலது பக்கம் போகச் சொன்னாள். "பத்திரமா போய் உட்காருங்க. ஏதாவது வேணும்னா சொல்லி அனுப்புங்க" என்று முதலாளி கையசைத்தார், என்னவோ அவர் மட்டும் வீட்டில் இருக்கப் போவதுபோலவும் இவர்கள் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்புவதுபோலவும்.

சூப்பர்வைசருக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் தூக்கம். வெளிநாட்டுக் கண்காட்சியில் வைக்கப்போகும் கம்பெனிக் குழாய்களை ஒரு வாரமாகத் துடைத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்கி, எடை கூடிப்போச்சு என்று மறுபடி பிரித்து அடுக்கி, கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் இருந்தது. "ஏறி உட்கார்ந்தா இறங்குற வரைக்கும் தூங்கிட்டே போயிடலாம்" என்று மச்சான் சொன்னதை வேதவாக்காக நம்பி வந்திருந்தார். மச்சான் விமானத்தில் ஏறியதே இல்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இருக்கை கடைசிக்குப் பக்கத்தில், கழிப்பறைக்கு இரண்டு வரிசை முன்னால். மரியாதைக்காக ஜன்னலோரத்தை முதலாளியம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். நடைபாதை ஓரத்தில் ஆஜானுபாகுவான ஒருவர் வந்து உட்கார்ந்து, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, விமானம் நகருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார். கொடுத்து வைத்தவர்.

விமானம் மேலே ஏறி நிதானத்துக்கு வந்ததும் முன்வரிசைக்காரர் இருக்கையைச் சாய்த்தார். அது சூப்பர்வைசரின் நெஞ்சுவரை வந்து நின்றது. முட்டி இடித்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருவழியாக இரண்டு கைகளையும் மடியில் கோத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கண் சொக்கி வரும்போது காதருகே குரல் கேட்டது.

"தம்பி, கொஞ்சம் எழுந்திருக்கணுமே."

முதலாளியம்மாவுக்கு முட்டி வலி. நீட்ட முடியாமல் உட்கார்ந்தால் மரத்துப் போய்விடும், எழுந்து நாலு தப்படி நடந்தால்தான் சரியாகும். சூப்பர்வைசர் எழுந்து, ஓரத்துக்காரரைத் தோளைத் தட்டி எழுப்பி, அவர் கறுப்புத் துணியை நெற்றிக்கு ஏற்றி இவர்களை ஒரு முறை முறைத்து, கால்களை ஒதுக்கி, அப்புறம்தான் வழி பிறந்தது. இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று சூப்பர்வைசர் சைகையில் கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் தன் நீளமான கால்களைக் காட்டிச் சிரித்துவிட்டு மறுபடி துணியை இறக்கிக்கொண்டார்.

போய்வந்து உட்கார்ந்ததும் முதலாளியம்மா சொன்னார். "உங்களைப் படுத்துறேன், இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"அம்மான்னு சொல்லாதீங்க. உங்களைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். அக்கான்னு சொல்லுங்க. இங்க யாரு கேக்கப் போறா?"

காலையில் கிளம்பிய விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டே போனதால் பொழுது சாயவே இல்லை. பணிப்பெண்கள் ஜன்னல் மூடிகளை இறக்கச் சொல்லி, விளக்கையும் அணைத்து, பட்டப்பகலில் ஓர் இருட்டை உண்டாக்கினார்கள். அந்த இருட்டில் எங்கோ ஒரு கைக்குழந்தை தொண்டை கட்டும்வரை அழுதது. முன்னிருந்த திரையில் ஒரு சின்ன விமானப் படம், ஒட்டிவைத்ததுபோல, கடலுக்கு நடுவில் நகராமல் நின்றது.

மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு வந்து, பாதி தொண்டைக்குள் இறங்கி, பாதி அப்படியே இருந்தபோது, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முதலாளியே வந்தார். காலில் விமானக் கம்பெனி கொடுத்த புதுச் சாக்ஸ்.

"எப்படி இருக்கு? வசதியா இருக்கா?" என்று குனிந்து கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அங்க மேஜையில வெள்ளைத் துணி விரிச்சுல்ல சாப்பாடு போடுறாங்க! இருக்கைய அப்படியே கட்டிலாக்கிடலாம். பொத்தானை அமுக்கினாப் போதும்."

"முதுகு எப்படி இருக்கு?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"அதான், படுத்தா கொஞ்சம் பரவாயில்ல" என்று முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

முதலாளியம்மா சாப்பாட்டுத் தட்டின் தாளை மறுபடி ஒழுங்காக மூடினார். "போன வாரம் லாரியில பெட்டி ஏத்துனாரே, பார்த்தீங்களா?"

பார்த்திருந்தார். கம்பெனியே பார்த்தது. பையன்கள் ஆளுக்கு ஒரு பெட்டி தூக்கினால் முதலாளி இரண்டு தூக்கினார். சூப்பர்வைசர் தண்ணீர் குடிப்பதுபோல் காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார்.

"முன்னாடி ஒரு சீட்டுதான் நமக்குக் கட்டுப்படியாகும்னாரு. சரின்னேன். முதுகு வலின்னு தானே எடுத்துக்கிட்டாரு. யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கொட்டகையில கம்பெனி ஆரம்பிச்சப்ப குழாய்க்கு முலாம் பூசுற தொட்டிகிட்ட நின்னது நான். ஈரத்துலயே நின்னு நின்னு வாங்குன வலி இது." கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் ரசம் கொஞ்சம் புளித்துவிட்டது என்பதுபோல் சொன்னார். "கேட்டிருந்தா நீங்களே போங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்."

அதன் பிறகும் மூன்று முறை எழுந்தார்கள். ஓரத்துக்காரர் முறைப்பதை விட்டுவிட்டு, கண்ணைத் திறக்காமலே காலை ஒதுக்கப் பழகிவிட்டார். சூப்பர்வைசருக்குக் கால் வீங்கிச் செருப்பு பிடித்தது. உதடு காய்ந்தது. தூக்கம் வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போனது.

அப்போது ஒரு பணிப்பெண் வந்து, முன்னால் இருக்கும் ஐயாவுக்கு நெஞ்செரிச்சல், மாத்திரை உங்கள் கைப்பையில் இருக்கிறதாம் என்று கேட்டாள். முதலாளியம்மா மாத்திரையை எடுத்தார். பணிப்பெண் கை நீட்டினாள். முதலாளியம்மா கொடுக்கவில்லை.

"நானே கொடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார்.

பத்து நிமிடம் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. ஆள் வரவில்லை. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் மெதுவாகச் சரிந்தார். இரண்டு இருக்கைகளிலும் உடம்பைப் பரப்பினார். முட்டிக்கு இடம் கிடைத்தது, தலைக்குச் சுவர் கிடைத்தது. அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டார்.

யாரோ தோளை உலுக்கினார்கள்.

"யோவ், எழுந்திரு. உள்ள போகணும்."

முதலாளி! கக்கத்தில் ஒரு தலையணை. முகம் சுண்டியிருந்தது. சூப்பர்வைசர் பதறிப்போய் எழ, ஓரத்துக்காரர் காலை ஒதுக்க, முதலாளி இடித்துப் பிடித்து ஜன்னலோரத்தில் போய் விழுந்தார்.

"என்னாச்சு முதலாளி?"

"மாத்திரையைக் கொடுத்தா. போட்டுட்டு பாத்ரூம் போனேன். வந்து பார்த்தா படுத்திருக்கா. போர்வையை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டு. கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கலை. அந்தப் பொண்ணு வந்து என்ன பிரச்சினைன்னு கேட்டுச்சு. பொண்டாட்டி என் இடத்தைப் பிடிச்சுக்கிட்டான்னா சொல்ல முடியும்? நாங்க மாத்திக்கிட்டோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

காலை இப்படி வைத்தார், அப்படி வைத்தார். முன்னிருக்கையைத் தள்ளிப் பார்த்தார். "இதுல எப்படிய்யா உட்கார்ந்திருந்தீங்க? கோழிக்கூண்டுல கூட இதைவிட இடம் இருக்கும்."

"உட்கார்ந்துதான் இருந்தோம்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

வேறு நாளாக இருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பியிருப்பார். கம்பெனியில் இத்தனை வருடம் அப்படித்தான் காலம் ஓட்டியிருந்தார். ஆனால் பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவருக்குப் பொய்யை யோசிக்கத் தெம்பில்லை.

"அவங்களுக்கு முட்டி மடங்கலை முதலாளி. எழுந்து எழுந்து நடந்தாங்க. உங்களுக்கு முதுகு வலின்னு..." இங்கே கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, வருவது வரட்டும் என்று முடித்தார். "நீங்க லாரியில பெட்டி ஏத்துனதை எல்லாரும்தான் பார்த்தோம்."

முதலாளி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு வாய் வந்துச்சு?"

"தூங்காததால வந்திருக்கும்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. மூக்கால் ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு எழுந்தார். "வழி விடு. பார்த்துட்டு வரேன்."

இடத்தைக் கேட்டு வாங்கப் போகிறார் என்றுதான் சூப்பர்வைசர் நினைத்தார். சண்டைச் சத்தம் கேட்கிறதா என்று திரைச்சீலைப் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி திரும்பி வந்து, உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"குறட்டை விடுறாய்யா" என்றார். "அவ குறட்டை விடுவான்னே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அவ தூங்குறதை நான் பார்த்ததில்லை. நான் படுத்தப்புறம்தான் படுப்பா, நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எழுந்திருப்பா."

சூப்பர்வைசர் தன் போர்வையை எடுத்து நீட்டினார். முதலாளி வாங்கிக் காலில் போட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில் அவர் தலை ஆடி ஆடி வந்து சூப்பர்வைசரின் தோளில் சாய்ந்தது. கனமான தலை. தட்டிவிடவும் முடியாது, தள்ளி உட்காரவும் இடமில்லை. மறுபக்கம் ஓரத்துக்காரரின் முழங்கை. நடுவில் விழித்தபடி சூப்பர்வைசர், திரையில் அந்தச் சின்ன விமானம் கடலைத் தாண்டி, மலையைத் தாண்டி ஊர்வதை வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது முதலாளியம்மா வாசலருகே காத்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்போல் இருந்தார். முதலாளியால் நிமிர முடியவில்லை. இந்த முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டது நடிப்பில்லை.

"நல்லாத் தூங்குனீங்களா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"ம்" என்றார் முதலாளி. பெட்டிகள் சுற்றிவரும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "திரும்பிப் போறப்ப நீ முன்னாடி உட்கார்ந்துக்கோ."

"நீங்க?"

"நானும் இவனும் பின்னாடி வரோம். பேச்சுத்துணைக்கு ஆகும்."

சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். "முதலாளி, ஒரு விண்ணப்பம். எனக்கு மட்டும் வேற வரிசையில போட்டுருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்."

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி எதிர்பாராத விதமாகத் தோளைத் தட்டி, "சரிய்யா, சரிய்யா" என்றார். தட்டிய தோள் அவர் தூங்கிய அதே தோள். சுரீரென்று வலித்தது.

வெளியே டாக்சியில் சூப்பர்வைசர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். பின்னிருக்கையில் முதலாளியம்மா, "என்னை எழுப்பியிருக்கலாம்ல? கேட்டா எழுந்திருச்சிருப்பேன்" என்பது காதில் விழுந்தது. "கேட்டேன்டி, நீதான் கண்ணையே திறக்கலை" என்று முதலாளி சொல்வதும் விழுந்தது. "ஒரு தடவை கேட்டா போதுமா?" என்று முதலாளியம்மா திருப்பிக் கேட்டார். அதற்கு முதலாளி சொன்ன பதில் சூப்பர்வைசருக்குத் தெரியாது. முதல் சிக்னல் வருவதற்குள் அவர் வாயைப் பிளந்து தூங்கிப் போயிருந்தார்.