வெந்த இலைக் குவியல்

முழங்கால்வரை என் கால்கள் வெந்த தைலமர இலைக் குவியலுக்குள் புதைந்திருக்கின்றன, ஆவி எழும்பி மூக்கில் காரமாக ஏறுகிறது, யாரோ என்னை இங்கே நட்டுவிட்டுப் போனதுபோல் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே கோத்தகிரிப் புல்லெல்லாம் உறைபனியில் உப்புப் பூத்தாற்போல் கிடக்கிறது, கொட்டகைக்காரர் ஆல்துரை செம்புக் கொப்பரையில் தைலம் இறக்கியபின் மிஞ்சிய இலையைச் சுடச்சுட வாரி என் கால்மேல் இன்னொரு கூடை கொட்டுகிறார், போதுமா என்கிறார், வலது காலைக் கேளுங்கள், இடது கால் எதற்கும் போதும் என்றுதான் சொல்லும் என்கிறேன்.

பதினோரு மணி பஸ்ஸுக்குள் இந்தக் கால்கள் நடந்தாக வேண்டும், மகள் தமயந்தி நேற்றே திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள், மார்கழி பிறந்தால் என் கெண்டைக்கால் விறகாகிவிடுவதையும் நான் முனகுவதையும் என் மனைவி பவளம் போனில் ஒப்பித்துவிட்டாள், இனி இந்தக் குளிரில் இருக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள், நான் மாட்டேன் என்றேன், அப்போதுதான் சொன்னாள், ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபத்திரண்டு படி, நடுவுல உட்காராம ஏறிக் காட்டுங்கப்பா, ஏறிட்டா நான் தனியாப் போறேன், இல்லேன்னா பெட்டியோட நீங்களும் அம்மாவும் பஸ் ஏறணும். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக இங்கே வந்தேன், கால்களை இளக்கிக்கொண்டு போய் ஏறிவிடலாம் என்று.

படி என்ன பெரிய படி, எஸ்டேட்டில் காவல் பார்த்த காலத்தில் என் முழங்கால்களுக்குத் தனி மரியாதை இருந்தது, இடது வலித்தால் உறைபனி, வலது வலித்தால் வெறும் மூடுபனி, சாயங்காலமானால் எஸ்டேட் துரை ஆளனுப்பி என் முழங்காலை விசாரித்துவிட்டுத்தான் நாற்றுகளை மூடச் சொல்வார், ஒருநாள் இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டு எஸ்டேட்டுக்கே விடுமுறை விட்டார்கள். இதே குவியலில் ஒரு தையில் உட்கார்ந்திருந்தபோது காட்டெருமை ஒன்று வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, முன்னங்கால் இரண்டையும் பக்கத்தில் புதைத்துக்கொண்டது, அதற்கும் வயசுதான், பேசிக்கொள்ளவில்லை, மறுநாள் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது, இதைச் சொன்னால் தமயந்தி, அப்பா, நீங்க பொய் சொல்றப்ப மட்டும் சிரிக்க மாட்டேங்கறீங்க என்பாள், எப்போது சொன்னாள், ஆறு வயதிலா, என் கெண்டைக்கால்மேல் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்து மிதித்து நடக்கிறாள், அந்தப் பக்கம் பவளம் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறாள், சூடு எலும்புக்குள் இறங்குகிறது, மேலே ஏறு கண்ணு, இன்னும் மேலே, பாதங்கள் சின்னச் சின்னதாய்...

அப்பா, மணி பத்தரை, என்கிற குரலில் விழிக்கிறேன், தமயந்தி நிற்கிறாள், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பவளம். எழப் பார்க்கிறேன், வலி துளியும் இல்லை, ஆனால் கால்கள் இரண்டும் வெந்த கிழங்காய்க் குழைந்து போய்விட்டன, அளவுக்கு மீறி வேகவைத்துவிட்டேன், இதைத்தானேப்பா சொன்னேன், நடக்க முடியலையே என்று தமயந்தி மண்டியிட்டு என்னை இழுக்கக் குவியலுக்குள் கைவிடுகிறாள். சூட்டுக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. துணிக் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுகொண்டே சரிபார்க்கிற பெண், அவள் கணுக்கால் வீங்கியிருப்பதை நேற்றே பார்த்தேன், கேட்கவில்லை, செருப்பைக் கழற்றுகிறாள், அஞ்சே நிமிஷம் என்கிறாள், பவளமும் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தள்ளி உட்காருங்க, குவியலை முழுசா நீங்களே வாங்கிட்டீங்களா என்று இறங்குகிறாள்.

மேலே ரோட்டில் பதினோரு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது, யாரும் தலை திருப்பவில்லை, ஆல்துரை கூடையோடு வந்து போதுமா என்கிறார், கண்ணை மூடியபடியே மகள் கேட்கிறாள், அண்ணே, நாளைக்கும் கொப்பரை வைப்பீங்களா, பொங்கல் வரைக்கும்? ஆவிக்குள் ஆறு கால்கள் நட்டு வைத்தாற்போல் நிற்கின்றன, எது யாருடையது என்று தெரியவில்லை, எனக்கு எதுவும் வலிக்கவில்லை, கொட்டகை வாசலில் பெரிதாய், கறுப்பாய் ஒன்று மூச்சு விடுகிறது, கொஞ்சம் தள்ளிக்கம்மா என்கிறேன், சிரிக்காமல், தமயந்தியும் சிரிக்காமல் தள்ளி இடம் விடுகிறாள்.