நல்ல தண்ணீரில் செத்த நீர்த்தெள்ளுகள்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து திருடியது. அண்ணனுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. அண்ணிக்கு அந்த நீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில். ஊரே குளித்து, துவைத்து, மாத்திரை விழுங்கி அனுப்புவதை அண்ணன் தெளிய வைப்பார். தெளிந்த பிறகும் அதில் ஒளிந்திருக்கும் நுண்மாசுகள் உயிரைக் கொல்லுமா என்று அண்ணி பார்ப்பார். ஒரே வீட்டில் பரீட்சை எழுதுபவரும் திருத்துபவரும்.

(சோதனைக் குவளைகளில் எண் மட்டும்தான், எந்த நிலையத்துக் கழிவுநீர் என்று இருக்காது. ஆனால் வீட்டில் அண்ணன் முகம் இருக்கிறதே!)

2

முதல் வரி, முதல் முயற்சி: பளிங்கு போன்ற அந்த நீரில் மரணம் மெல்ல

அடித்துவிட்டேன். துப்பறியும் கதை வாடை. நேராகவே சொல்கிறேன்.

அன்று அவர்களுடைய திருமண நாள். அண்ணன் வாங்கித் தந்த சென்ட்டை அண்ணி கையெல்லாம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். நீர்த்தெள்ளு என்பது கடுகளவுகூட இல்லாத, துள்ளித் துள்ளி நீந்தும் உயிர். சில குவளைகளில் சுத்திகரித்த நீர், ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றில் நல்ல தண்ணீர். எல்லாவற்றிலும் தெள்ளுகளை விட்டு, இரண்டு நாள் கழித்து எத்தனை துள்ளுகின்றன என்று எண்ண வேண்டும். கழிவுநீர்க் குவளையைத் தொட அண்ணி கையுறை போட்டார். நல்ல தண்ணீர்தானே என்று மற்றவற்றை வெறுங்கையால் அலசி வைத்தார்.

அண்ணனின் நீரில் ஒரே குதியாட்டம். நல்ல தண்ணீரில் பூண்டோடு காலி.

3

வறண்டு கிடக்கும் ஏரியில் அண்ணனின் நீரை விடலாமா என்பதற்குத்தான் இத்தனையும். அந்த ஏரியில் ஒரு நாரையைப் பார்த்துவிட வேண்டுமென்று அண்ணன் பைனாகுலர்கூட வாங்கிவிட்டார். இப்போதைக்கு எதிர்வீட்டுக் காக்கையைப் பார்த்துப் பழகுகிறார்.

அண்ணியோ சோதனை செல்லாது என்றார். தன் தண்ணீரில் ஒன்றுகூடச் சாகவில்லையே என்று அண்ணன் மல்லுக்கு நின்றார்.

"நல்ல தண்ணியிலயே செத்துப்போச்சுங்க. அப்புறம் உங்க தண்ணி நல்லதுன்னு நான் எத வெச்சுச் சொல்றது?"

(இங்கே அண்ணியின் மனம் ஊசலாட வேண்டாமா என்று எனக்கே சந்தேகம். 'ஒரு கணம் அவர் கை நடுங்கி' என்று எழுதிப் பார்த்தேன். நடுங்கவில்லை. அந்தக் கை அப்போது அண்ணனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது.)

காரணம் அந்த வெறுங்கையிலிருந்த சென்ட் என்று தெரிந்ததும் அண்ணன் தலையில் கைவைத்தார். தான் கொடுத்த பரிசே தன் காலை வாரிவிட்டதே என்று புலம்பினார்.

"நான் குளிச்சா அதுவும் உங்க தொட்டிக்குத்தான் வருது," என்றார் அண்ணி.

முதலில் அண்ணன் சிரித்தார். பிறகு மூவரும் சாப்பாடு ஆறிப்போகும்வரை சிரித்தோம். அவர்களைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

4

இன்று மறுசோதனையின் எண்ணிக்கை. ஆய்வகத்துக்கு வெளியே அண்ணனும் நானும். என்னிடம் இரண்டு முடிவுகள் தயார்.

அ) ஏரி நிறைகிறது. நாரை வருகிறது.

ஆ) தெள்ளுகள் அடங்கிவிடுகின்றன. இன்னொரு வடிகட்டி கேட்டு அண்ணன் மேலதிகாரியின் அறைக்கு

உள்ளே போகும் வழியில் அண்ணி என் தாளை எட்டிப் பார்த்துவிட்டார்.

"எண்ணுறதுக்கு முன்னாடியே முடிவ எழுதி வெச்சா அதுக்குப் பேரு சோதனை இல்ல, தம்பி."

இரண்டையும் அடித்துவிட்டேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி குனிந்துவிட்டார், உதடுகள் அசைகின்றன. அண்ணன் என் வலது கையைப் பிடித்து நசுக்குகிறார். இனி என்னால் எழுத முடியாது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது, நீங்கள் நிரப்புங்கள்.

துள்ளுபவை: