தெக்கதோடு கூடிய ஃபிளாட்

வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டபோது சண்முகவடிவுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது. வெளியே காட்டிக்கொள்ளாமல் மூக்கைச் சிந்தி, முந்தானையால் கண்ணையும் ஒற்றிக்கொண்டாள். வடசேரியில் நூற்றாண்டு கடந்த வீடு. அது போவதில் மருமகள் சந்தோஷப்பட்டாள் என்று ஊர் பேசக் கூடாதல்லவா?

அவளுக்கு வீட்டின்மேல் கோபமில்லை. தெக்கதின்மேல்தான். வீட்டின் தென்மூலையில் முன்னோருக்கு விளக்கு வைக்கிற சின்ன அறை அது. அந்தி சாய்வதற்குள் வீட்டுக்காரி குளித்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு விளக்கேற்ற வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள்தான் ஏற்றுகிறாள். சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே தாலி ஏறிய கையோடு பஸ் பிடித்து ஓடி வந்தவள். மாதத்தில் மூன்று நாள் தீட்டின்போது மட்டும் விடுதலை. அந்த நாட்களில் கணவர் கிருஷ்ணமணி முணுமுணுத்துக்கொண்டே விளக்கேற்றுவார். அவள் சுசீந்திரத்தில் அம்மா வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பாள். ஐம்பதைத் தாண்டியதும் அந்த லீவும் நின்றுபோனது. மற்ற பெண்கள் அப்பாடா என்பார்கள். இவள் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள்.

இடித்தால் தெக்கதும் போய்த் தொலையும் என்று நம்பியிருந்தாள். ஆனால் வந்து சேர்ந்த பில்டர் முருகதாஸ் பலே ஆள். இடிக்கவே இல்லை. முகப்பையும் தேக்குத் தூண்களையும் அப்படியே நிறுத்திக்கொண்டு, உள்ளே சுவர் எழுப்பி, பின்னால் லிஃப்ட் வைத்து, வீட்டை ஃபிளாட்டுகளாகக் கூறு போட்டான். தெக்கதுக்கு எல்லோரும் நடமாடுகிற வராந்தாவைப் பார்த்துக் கண்ணாடிக் கதவு, மேலே ஸ்பாட் லைட். ‘நூறாண்டாக அணையாத விளக்கு’ என்று விளம்பரம் வேறு. கொழுந்தன்மார் காற்றோட்டமான மாடிகளை வாங்கி விற்றுவிட்டுப் போனார்கள். தெக்கதோடு கூடிய கீழ்த்தள ஃபிளாட் மூத்தவர் தலையில் விழுந்தது, அதாவது அவள் தலையில்.

முன்பெல்லாம் அவள் விளக்கேற்றுவதைப் பார்க்க ஒரு நாதி கிடையாது. இப்போது கொஞ்சம் பிந்தினால் போதும், குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் செக்ரட்டரி ஸ்ரீஜித் கேட்டுவிடுவான்: ‘ஆன்ட்டி, விளக்கு வைக்கலியா? கெஸ்ட் வந்திருக்காங்க.’ பழைய வீட்டிலாவது புறவாசல் இருந்தது. போய் நின்று அழலாம். அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து மகள் சபிதா போன் செய்தாள். தலைப்பிரசவம். ஊருக்குக் கூட்டி வரலாமென்றால், கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அம்மா, பயமா இருக்கு. நீ வந்திருவேல்லா?”

சண்முகவடிவு கணவர் முன்னால் போய் நின்றாள். “பிள்ள அங்க தனியா கெடக்கா. நான் போணும்.”

கிருஷ்ணமணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீ போனா வெளக்கு யாரு வைப்பா?”

“நீங்க வையுங்க.”

“வீட்டுக்காரி நல்லா இருக்கச்சில ஆம்பிள வைக்கது மொறையா? கொஞ்சம் பொறுட்டி. பிள்ள பொறந்தா நமக்குத் தீட்டுல்லா? பொறவு வெளக்கே வைக்காண்டாம். போயி நல்லா இருந்துட்டு வா.”

பெற்ற பிறகு போ என்கிறார். மகள் அங்கே நோவெடுத்துக் கதறும்போது தாய் இங்கே திரி திரித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்த வீட்டில் தீட்டு ஒன்றுக்குத்தான் கதவு திறக்கும், அவ்வளவுதான். அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் அவள் அதையே யோசித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் சண்முகவடிவு குளிக்கவில்லை. துணிப்பையோடு வராந்தாவில் போய் நின்றாள். குரூப்பில் ஸ்ரீஜித் கேட்டாயிற்று. கிருஷ்ணமணி போனும் கையுமாக வெளியே வந்தார்.

“நேரமாச்சு, இங்க நின்னு என்ன செய்யுத?”

“உள்ள வரப்பிடாது. எனக்குத் தீட்டு.”

“உனக்கா? எல்லாம் நின்னு வருசக்கணக்காச்சேட்டி!”

“திரும்ப வந்திருக்கு. நம்பலேன்னா குரூப்புல போட்டு விசாரியுங்க.”

லிஃப்டுக்காக நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷ்ணமணிக்குக் காது சிவந்தது. பொய் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் தீட்டு என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவளைத் தெக்கதுக்குள் அனுப்ப அந்தக் குடும்பத்தில் எந்த ஆணுக்கும் தைரியம் கிடையாது. அவள் கண்ணாடிக் கதவுக்குள் ஏற்றாமல் கிடந்த விளக்கைப் பார்த்தாள். முன்னோர் கோபிப்பார்களோ? கோபிக்கட்டும், அவர்களிலும் பிள்ளை பெற்ற பெண்கள் உண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. கிருஷ்ணமணி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தெக்கதுக்குள் போனார். தீப்பெட்டியைத் துழாவியபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எத்தன நாளைக்கு?”

சண்முகவடிவு பையைத் தூக்கிக்கொண்டாள்.

“நின்னாத்தானே சொல்ல முடியும்?”