ஈயமோ இரும்போ

மகேஸ்வரன் வீட்டுக்குள் வந்த வேகத்தைப் பார்த்தால், யாரோ அவருடைய காணிக்குள் எல்லை தள்ளி வேலி அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். கதவை அடித்துச் சாத்தினார். துவக்கைக் கொண்டுபோய் பேஸ்மென்ற் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே வந்து, கையிலிருந்த துப்பாக்கி ரவைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் டொக்கென்று போட்டார்.

"வாசல்லயே வைச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் கஜனி! லீவும் போட்டு, அவ்வளவு தூரம் ஓடிப்போன என்னை!"

கஜனி சோபாவில் வலது காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டிருந்தாள். கனடாவில் மோர்னிங்சைட் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். பிரேக்கில் வைத்த கால் விறைத்து, அழுத்துகிறதா இல்லையா என்று தெரியாமல் போன அன்றே பஸ்ஸின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள். இப்போது மாடிப்படியையும் குந்திக் குந்தித்தான் இறங்குகிறாள். இந்த மனுசனுக்கோ துவக்குக் கவலை. வேலையிடத்துச் சீமோன் பழக்கிவிட்ட விசர் அது. லைசன்ஸ் எடுத்து, பழைய றைபிள் ஒன்று வாங்கி, நகரத்துக்கு வெளியே ஒரு கிளப்பில் கடதாசியைச் சுட்டுவிட்டு வருவார்.

"என்னவாம்?" என்று கேட்டாள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறார்.

"ஒரு பெடியன் நிண்டு ரவையில காந்தத்தை வைச்சுப் பாக்கிறான். ஒட்டிச்சுது. உடன ‘ஸ்டீல் கோர், நொட் அலௌட்’ எண்டுறான். வெளியில செம்பு, உள்ளுக்க இரும்பு எண்டா அவங்கட பின்சுவரைத் துளைச்சுப்போடுமாம். நெருப்புப் பொறி பறக்குமாம். சுவர் பழுதாப் போயிடுமாம், சுவர்!"

"அப்ப சட்டப்படி கூடாத சாமானோ?"

"ஆர் சொன்னது? லைசன்ஸைக் காட்டிக் கடையில வாங்கினனான். கைத்துவக்கில போட்டுச் சுடக்கூடியதா, பொலிஸின்ர கவசத்தைத் துளைக்கவெண்டு செய்யிற ரவைக்குத்தான் இஞ்ச தடை. உது றைபிள் ரவை. நாடு விடுது, கிளப்காரன் விடுறானில்லை! உள்ளுக்க ஈயமா இருந்து, மேல்தோல் மட்டும் இரும்பெண்டாலும் காந்தம் ஒட்டும். வெட்டிப் பாத்தாத்தான் வடிவாத் தெரியும். சொன்னாக் கேக்கிறானில்லை, மொக்கன்!"

காந்தத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர் இந்த வீட்டில் இவர் ஒருவர்தானோ?

கால் விறைப்புக்குக் காரணம் முதுகில்தான் என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாள். அந்தப் படம் இல்லாமல் முதுகில் கத்தி வைக்க மாட்டேன் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொல்லிவிட்டார். மெஷின் ஓட்டுகிற மெலிசா என்ற பிள்ளை, உடம்பில் ஏதும் உலோகம் இருக்கிறதா என்று கேட்டாள். "முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில ஒரு ஷெல் பீஸ்" என்றாள் கஜனி. மெலிசாவின் முகம் மாறிவிட்டது. பீரங்கி ஷெல் துண்டு என்றால் இரும்பு. மெஷினோ பெரிய காந்தம். துண்டு அசைந்தால் கால் முழுதாகப் போய்விடும் என்று சொல்லி, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள். அன்றைக்கு மகேஸ்வரன் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. "விடும், பிறகு பாப்பம்" என்று மட்டும் சொல்லிக் காரை எடுத்தார்.

அது ஷெல் துண்டே இல்லை. யாழ்ப்பாணத்தில் இந்தியன் ஆமி நின்ற காலம் அவளுக்குப் பத்து வயது. ஒழுங்கைக்குள் சுட்ட சூடு வீட்டுச் சுவரில் பட்டுத் தெறித்து, நசுங்கிய சன்னமாக அவள் முதுகில் ஏறியது. எடுத்தால் ஆபத்து என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். எக்ஸ்ரேயிலும் அது உருத்தெரியாத ஒரு கட்டிதான். பிறகு மகேஸ்வரன் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது, அவருடைய தமையன் தியாகலிங்கம்தான் போனில் பாடம் சொல்லிக்கொடுத்தார். "சூடு பட்டதெண்டு வாயே திறக்காதையும். இமிக்ரேஷன்காரர் இயக்கத்தில இருந்தனீரோ எண்டு கேப்பாங்கள். ஷெல் பீஸ் எண்டு சொல்லும். ஷெல் எல்லாருக்கும் விழும்." பத்து வயசுப் பிள்ளை ஆயுதம் தூக்கின இயக்கமாம்! ஆனால் புதுப் பெண் என்ன செய்வாள்? சொன்னதைச் சொன்னாள். அன்றிலிருந்து எந்த டொக்டரிடம் போனாலும் ஷெல் பீஸ்தான்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "எனக்குள்ள கிடக்கிறது என்ன?"

மகேஸ்வரன் பெட்டியை மூடப் போன கையை நிறுத்தினார்.

"அப்ப இந்தியன் ஆமியிட்ட இருந்தது எஸ்.எல்.ஆர். துவக்கு. அந்தச் சத்தம் எங்கட ஊரில எந்தக் குழந்தைக்கும் தெரியும். அதின்ர சன்னம் ஈயமோ இரும்போ?"

"...ஈயம். மேல செம்புத் தோல். அநேகமா அப்பிடித்தான்."

"காந்தம் ஒட்டுமோ?"

"ஒட்டாது."

"உது உங்களுக்கு எப்ப தெரியும்? மெலிசா என்னைத் திருப்பி அனுப்பேக்கயே தெரியுமோ?"

மனுசன் ஜன்னலைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமோ? வாய்க்குள்ள கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?"

"கத்தாதையும். இப்ப மாத்திச் சொன்னா, முந்திப் பொய் சொன்னனீங்களோ எண்டு கிளறுவாங்கள். சிற்றிசன்சிப்பையே பறிச்சாலும் பறிப்பாங்கள். அண்ணையிட்டயும் கேட்டனான், அவரும் பேசாம இருக்கச் சொன்னவர்."

"என்ர முதுகைப் பற்றி அண்ணையோட கதைச்சிருக்கிறியள். என்னோட கதைக்கேல்ல! கால் போறது அண்ணைக்கோ எனக்கோ? ஒரு ரவைப் பெட்டிக்காக இவ்வளவு துள்ளுறியளே, எனக்காக ஒரு சொல்லு வந்துதே உங்கட வாயில?"

போன் அடித்தது. குடும்ப டொக்டர் ஜெசிகா. எம்.ஆர்.ஐ. சரிவராததால் இனி என்ன செய்வது என்று பேச இன்றைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். மகேஸ்வரன் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். கஜனி ஸ்பீக்கரைப் போட்டாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் கொட்டினாள். அது ஷெல் துண்டு இல்லை, துவக்குச் சூடு, பயத்தில் மாற்றிச் சொன்னது.

மறுமுனையில் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. மகேஸ்வரன் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன உலோகம் என்று தெரியுமா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஈயமா இருக்கலாம் எண்டு என்ர கணவர் சொல்றார்."

"அப்படியென்றால் வழி இருக்கலாம். முதலில் சீ.ரி. ஸ்கான் எடுத்து என்ன உலோகம் என்று பார்க்கச் சொல்கிறேன். அதைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நல்லது, கஜனி. உங்கள் கால் காத்திருக்கிற கால் இல்லை."

"வேற ஒண்டும் கேக்கேல்லையோ டொக்டர்? ஆர் சுட்டது, ஏன் சுட்டது எண்டு?"

டொக்டருக்கு விளங்கவில்லை. "அது எனக்கு எதற்கு?" என்றார்.

போனை வைத்தாள். இவ்வளவு காலமும் பயந்து செத்த கேள்வி ஒருவருக்கும் தேவைப்படாத கேள்வி! மகேஸ்வரன் கதிரையிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு மாதிரி நல்லதாப் போச்சு, என்ன?"

கஜனி எட்டி ரவைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உதைக் கொண்டுபோய்க் கீழ பூட்டுங்கோ. அந்தப் பெடியன் மொக்கன் இல்லை. தன்ர சுவருக்கு ஏதும் ஆகிடும் எண்டு காந்தத்தை வைச்சாவது பாத்தவன். நீங்கள் தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனார். கஜனி தலையணையிலிருந்து காலை இறக்கினாள். பாதம் நிலத்தில் பட்டதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.