கூடவே இறங்கும் குரல்

பிப்ரவரி 12, வியாழன். இன்றும் என் குரல் இறங்கியிருந்தது. ஒரு தவறு செய்தேன்: என் குரல் பதிவான டிராக்கின் அளவை மட்டும் குறித்தேன், மற்றவற்றைப் பார்க்கவில்லை.

எழுதிவிட்டுக் கலைமதி பேனாவைக் கடித்தாள். தவறு கிடக்கட்டும்; அவள் சந்தேகமெல்லாம் கூடப் படிக்கும் ஜெஸ்லின் மேல்தான்.

தில்லைநகரில் மாலை நேர ஒலிப்பதிவு வகுப்பு. இருவருக்கும் சேர்த்து ஒரு பாட்டு, ஒரே கம்ப்யூட்டர். மாலையின் முதல் வகுப்பில் கலைமதி அதில் உட்காருவாள், அடுத்த வகுப்பில் ஜெஸ்லின். பாடியது கலைமதி. தவில், அவள் பெரியப்பா மகன் பூவரசன். கீபோர்டும் தாளத்துக்கான கைத்தட்டலும் ஜெஸ்லின். சனிக்கிழமை மாலை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும்.

தினமும் திரையில் தன் குரலின் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றி வைத்துவிட்டுத்தான் கலைமதி ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிப்பாள். மறுநாள் வந்து பார்த்தால் அது கீழே கிடக்கும். ஜெஸ்லின் மேலப்புதூர் சர்ச்சில் பாடுகிறவள். இந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராமல் சத்தமில்லாமல் குறைக்கிறாள். அப்படித்தான் என்று தெரிந்துவிட்டால் குரலையே அழித்துவிட்டு வெறும் இசையைக் கொடுத்துவிடுவதென்று கலைமதி முடிவு செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. ஜெஸ்லின் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்ததும் ஓசைப்படாமல் பின்னால் போய் நின்றாள். ஜெஸ்லின் முகத்தைச் சுளித்தபடி மவுஸைக் கீழே இழுத்தாள்.

"மாட்டிக்கிட்டியா! ஏண்டி, என் குரல் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

ஜெஸ்லின் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "உன் குரலா? நான் இறக்குனது தவில. நீ தினமும் ஏத்தி வச்சுட்டுப் போற. அண்ணன் வாசிச்சா ஊர்வலம் போற மாதிரிதான் கேக்கணுமா?"

"நான் தவில தொடவே இல்ல."

"நானும் உன் குரல தொடல. வெக்கப்பட்டுக்கிட்டு நீயே குறைச்சு வைக்கிறேன்னு நெனச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் பார்த்துக்கொண்டார்கள். கலைமதி மவுஸை வாங்கி, பட்டியலின் அடியில் கிடந்த தன் குரலை ஏற்றினாள். பிறகு திரையை மேலே நகர்த்திப் பார்த்தாள். தவிலும் ஏறியிருந்தது.

இரண்டும் ஒரே குரூப். ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே போகும். போட்டது கலைமதிதான். எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள், பதிவு செய்த கிழமையை வைத்து டிராக்குகளைப் பிரித்திருந்தாள். தவிலும் குரலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதிவானவை.

"குரூப்புக்குப் பேரு ஞாயித்துக்கிழமையாம்! காய்கறியக்கூட வாங்குன நாள் பாத்துதான் சமைப்பியா?" என்று ஜெஸ்லின் சிரித்தாள்.

கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. தவிலையும் கைத்தட்டலையும் ஒரு குரூப்பாகவும் குரலைத் தனியாகவும் பிரித்தாள். பாட்டை ஓடவிட்டார்கள். குரல் தெளிவாக முன்னால் வந்தது. இரண்டாவது வரியில் ஜெஸ்லினின் புருவம் லேசாக நெளிந்தது.

"என்ன? சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"ஜெஸ்லின்."

"அந்த ஒரு வரி சுருதி விட்டு இறங்குதுடி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நெசமா."

கலைமதி அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒளிவு எதுவும் தெரியவில்லை. அழிப்பதற்கென்று தேடி வைத்திருந்த பட்டனை அவள் தொடவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி. குரூப்பைத் தப்பாகப் போட்டது நான்தான். நாளை காலையிலேயே வகுப்பறைக்குப் போய் இரண்டாவது வரியை மட்டும் மறுபடி பாடிப் பதிய வேண்டும். ஜெஸ்லினும் வருகிறாள்.